சம்பளம் சமமாச்சு, சட்டை எப்போ சமமாகும்?



போன மாதம் சங்கக் கூட்டத்துக்குக் கொழும்பு போனபோது எங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசில் 40 மழைக்கோட்டு வாங்க முடிவெடுத்திருந்தார்கள். விலையும் தரமும் பார்த்து வரும்படி மாதர் தலைவியையும் எங்களோடு அனுப்பினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை ஒருத்தி ஹெவ்லொக் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். "நல்ல கோட்டு வந்திருக்கு டீச்சர், வந்து பாருங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி அங்கே போனோம்.

ஆண்கள் பக்கத்தில் இருந்த கோட்டு கனமானது. தலைமூடி உண்டு, மணிக்கட்டில் இறுக்கிக்கொள்ள பட்டி உண்டு, வெளியே இரண்டு பை, உள்ளே ஒரு பை. பெண்கள் பக்கத்தில் இருந்தது ரோஸ் நிறம், ஊதா நிறம். துணி பாதிக் கனம். இடுப்பில் ஒடுக்கி வெட்டியிருந்தது. பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூடியைத் தைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கினால் கீழே பை இல்லை. விலை மட்டும் கிட்டத்தட்ட ஒன்று.

தலைவி முதலில் ஆண்களின் கோட்டில் ஆகச் சிறியதைப் போட்டுப் பார்த்தார். தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கியது. கை நுனி விரலையும் மூடியது. விரல் மூடினால் கொழுந்து பறிக்க முடியுமா? பிறகு பெண்களின் கோட்டைப் போட்டார். நெஞ்சில் பொத்தான் பூட்டவில்லை. அடுத்த அளவு பூட்டியது. 30 வருடமாகச் செய்கிறபடி, பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போடுவதுபோலக் கையைத் தூக்கிப் பார்த்தார். கக்கத்தில் தையல் விட்டுக் கொடுத்தது.

மேற்பார்வைக்கு நின்றவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எங்கள் பிள்ளை அதை மென்மையாக்கிச் சொன்னாள்: "அம்மாவோட அளவுக்கு நம்மகிட்ட இல்லையாம்." எங்களுக்கும் சிங்களம் தெரியும். அவர் சொன்னது, இந்த மாதிரி உடம்புக்கு யாரும் உடுப்புத் தைப்பதில்லை என்பது.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது தலைவி சொன்னார்: "நம்ம ஒடம்புதான் சரியில்ல போல, டீச்சர்."

அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

மலையில் ஒரு பெண்ணின் மேல் இருப்பது

காலையில் பெரட்டுக்களத்துக்கு வரும் பெண்ணின் மேல் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய பாவாடை அல்லது கவுன். அதன் மேல் இடுப்பைச் சுற்றிப் படங்கு. தேயிலைச் செடியின் கிளை கிழிக்காமலும், பனி ஈரம் ஏறாமலும் இருக்க அது வேண்டும். தலையில் துண்டு. துண்டின் மேல் கூடையின் கயிறு. மேலுக்கு? பத்துப் பெண்களில் பாதிப் பேர் புருஷனின் பழைய சேர்ட்டைப் போட்டிருப்பார்கள்.

ஏன் புருஷனின் சேர்ட்? வசதியில்லாததால் மட்டுமா? கேட்டுப் பாருங்கள். "கை நீளமா இருக்கு, துணி கெட்டியா இருக்கு, பொக்கட் இருக்கு" என்பார்கள். தமக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று நம் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பெண்களுக்கென்று விற்கிற உடுப்பில் அது கிடைப்பதில்லை. அதனால் ஆணுக்கு வெட்டியதை, தோள் தொங்கினாலும் பரவாயில்லை என்று மாட்டிக்கொள்கிறார்கள்.

பை என்பது சின்ன விஷயமா? வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளைக்காம்பராவிலிருந்து வரும் அழைப்பை எடுக்க போன் வேண்டும். போன் எங்கே இருக்கிறது? நெஞ்சுச் சட்டைக்குள், வியர்வையிலும் மழையிலும். நிறுவைத் துண்டு எங்கே? இடுப்பு முடிச்சில். பிரஷர் மாத்திரை? கூடைக்குள், கொழுந்தோடு. பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டும் அண்ணனிடம் கேளுங்கள். காற்சட்டையில் நாலு பை இருக்கும்.

இது நம் தோட்டத்தின் கதை மட்டும் அல்ல. 2018இல் அமெரிக்காவில் 20 பெயர்பெற்ற நிறுவனங்களின் 80 ஜீன்ஸ் காற்சட்டைகளை நாடா பிடித்து அளந்து பார்த்தார்கள். இடுப்பளவு ஒன்றாக இருந்தும், பெண்களின் முன்பை ஆண்களின் முன்பையை விடச் சராசரியாக 48 சதவீதம் நீளம் குறைவு. பிரித்தானியாவின் தொழிற்சங்கக் காங்கிரஸ் 2017இல் வேலைத்தளப் பாதுகாப்பு அங்கிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண்களுக்கென்றே வடிவமைத்த அங்கியை அணிந்து வேலை செய்த பெண்கள் பத்தில் மூன்று பேர்கூட இல்லை. மற்றவர்கள் ஆணின் அளவில் இருந்ததை மடித்தும் பின் குத்தியும் சமாளித்தார்கள். அங்கே தீயணைப்புப் படையிலும் கட்டட வேலையிலும் நிற்கிற பெண்ணும், இங்கே கொழுந்து மலையில் நிற்கிற பெண்ணும் ஒரே சேர்ட்டுக்குள்தான் நிற்கிறார்கள்.

அளவு எங்கிருந்து வந்தது

ஆணின் சேர்ட்டுக் கழுத்தைப் பாருங்கள். 15 அல்லது 15½ என்று போட்டிருக்கும். அது கழுத்தின் சுற்றளவு, இஞ்சியில். காற்சட்டையில் 32 என்றால் இடுப்பு 32 இஞ்சி. நாடாவை எடுத்து நாமே சரிபார்க்கலாம். பெண்ணின் உடுப்பில் 8, 10, 12 என்று போட்டிருக்கும். அது இஞ்சியா? சென்ரிமீற்றரா? எதுவும் இல்லை. எந்த நாடாவிலும் அந்த எண்ணைக் காண முடியாது. ஒரு கடையில் 10 பூட்டும், அடுத்த கடையில் 14ம் பூட்டாது. ஆணுக்குத் துணியின் அளவைச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு, அவள் எந்த வகுப்பில் சேர்ந்தவள் என்று சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆண்களின் ஆயத்த உடுப்பு அளவு படையினரின் சீருடையிலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு ஒரே நேரத்தில் உடுப்புத் தைக்க வேண்டியிருந்தது. நெஞ்சளவை எடுத்தார்கள், அதிலிருந்து மற்ற அளவுகளைக் கணித்தார்கள். பெண்களை அளக்க அதற்குப் பிறகு 70 வருடத்துக்கு மேல் ஆனது. 1939லும் 1940லும் அமெரிக்க விவசாயத் திணைக்களம் கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்தது. ஒருவரிடம் 59 அளவுகள் எடுத்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் கடைசிக் கணக்கில் வெள்ளைப் பெண்களின் அளவுகளை மட்டுமே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கின் மேல்தான் 1958இல் பெண்களின் உடுப்புக்குத் தராதர அளவு நிர்ணயித்தார்கள். பெண்களின் உடம்பு அதற்குள் அடங்கவில்லை. 1983இல் அரசாங்கமே அதைக் கைவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி எண் போட்டுக்கொள்கிறது.

அந்த 15,000 பேரில் நம் பாட்டி யாராவது இருந்தாளா? கூடைக் கயிற்றை நெற்றியில் தாங்கிக் கழுத்துத் திடமான ஒருத்தி, ஏற்றம் ஏறிக் கெண்டைக்கால் திரண்ட ஒருத்தி, தோளுக்கு மேலாகக் கை வீசி வீசித் தோள் அகன்ற ஒருத்தி இருந்தாளா? இல்லை. அப்படியிருக்க, அந்த வழியில் வந்த ஒரு கோட்டு நம் தலைவிக்குப் பூட்டவில்லை என்றால் குறை யாரிடம்?

உடம்பு என்ற சம்பளப் பட்டியல்

இனி நம் உடம்பைப் பற்றியே பேசுவோம். நாம் குட்டை, நாம் கறுப்பு, நாம் ஒல்லி அல்லது வயிறு மட்டும் பெருத்தவர்கள் என்று நம் பிள்ளைகளே சொல்லிக்கொள்கிறார்கள். வகுப்பறையில் தினமும் கேட்கிறோம்.

2016இல் இந்த நாட்டில் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வு ஒன்றைச் சொன்னது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதம். தோட்டப் புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம். மூன்று பிள்ளைகளில் ஒன்று. அந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு வளர்ந்து கடைக்குப் போய், கால் நீளமான காற்சட்டையை மடித்துப் பார்த்து, கண்ணாடிக்கு முன்னால் கூசி நிற்கப் போகிறவர்கள். அந்தக் காலின் நீளம் ஒரு தாயின் கர்ப்பகாலச் சாப்பாட்டிலும், அந்தத் தாயின் நாட்சம்பளத்திலும் இருக்கிறது. நம் உயரத்தில் எழுதியிருப்பது நம் சம்பளப் பட்டியல். அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்லர்.

ஆனால் வெட்கம் நம் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நன்றாக ஓடக்கூடிய ஒருத்தி போன வருட விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. காரணம் கேட்டோம். வாயே திறக்கவில்லை. பிறகு இன்னொருத்தி சொன்னாள்: இல்லத்துக்குக் கொடுத்த டீசேர்ட் பையன்களின் அளவு, நெஞ்சில் இறுக்கம், ஓடினால் பையன்கள் சிரிப்பார்கள். ஒரு டீசேர்ட்டின் வெட்டு ஒரு பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. இன்னொருத்தி மத்தியானம் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். திருவிழாவுக்கு வாங்கிய சுரிதார் இறுக்கமாக இருந்ததாம். சாப்பாடு குறைவதால் உயரம் குறைந்த பரம்பரை இது. அதில் ஒரு பிள்ளை உடுப்புக்காகப் பட்டினி கிடக்கிறது!

பையன்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இப்போது வரும் ஒடுங்கிய சேர்ட்டுகள் மார்பு பெருத்த நடிகனின் உடம்புக்கு வெட்டியவை. அதைப் போட்ட நம் ஒல்லிப் பையனைக் கூட்டாளிகள் "குச்சி" என்கிறார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பையனுக்குக் கேலியோடு போகிறது. பெண் பிள்ளைக்குக் கேலியும் கிடைக்கிறது, "ஒழுங்கா உடுத்து" என்ற ஏச்சும் கிடைக்கிறது. இறுக்கமாகத் தைத்தது கடை. பிழை மட்டும் அவளுடையதாம்.

ஆசிரியைகளாகிய எங்களுக்கும் இது தெரியாததல்ல. ஆறு முழமும் எட்டு முழமும் பேசுகிற நாட்டில், மண் சறுக்கும் குறுக்குப் பாதையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையும் புத்தகமுமாக ஏறி வருகிறோம். பக்கத்தில் காற்சட்டை போட்ட ஆசிரியர் எங்களுக்கு முன்னே போய்விடுகிறார். 2022 நவம்பரில் இந்த நாட்டு ஆசிரியைகள் சிலர் சேலை அல்லாத கண்ணியமான உடுப்போடு பள்ளிக்கூடம் போனபோது, கல்வி அமைச்சு சேலைதான் என்று நின்றது. சேலை அழகானது, எங்களுக்கும் பிடித்தது. அதை உடுப்பதா இல்லையா என்று உடுப்பவளைக் கேட்காததுதான் எங்கள் வழக்கு.

"இதுவா இப்போ பெரிசு?"

இதைப் படிக்கும் சில தோழர்கள் கேட்பார்கள் என்று தெரியும்: "சம்பளத்துக்கே வழியைக் காணோம். இப்போ பையும் பொத்தானுமா?"

முதல் பதில் நம் சொந்த வரலாற்றில் இருக்கிறது. 1984க்கு முன் இதே மலையில், இதே வெயிலில் நின்ற பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த நாட்சம்பளம் கொடுத்தார்கள். அப்போதும் "மொத்தமா கூடட்டும், பெறகு பார்ப்போம்" என்றவர்கள் இருந்தார்கள். 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது. பெண்ணின் கேள்வியைப் பிறகு என்று தள்ளி வைக்காமல் சேர்த்துக் கேட்டபடியால்தான் அது கிடைத்தது. 2021இல் ஆயிரம் ரூபாய்க்கு நின்றபோதும், 2024இல் 1,350க்கு வந்தபோதும் அந்தச் சமம் நம் கையில் இருந்தது.

இரண்டாவது பதில், உடுப்பும் சம்பளம்தான். மழைக்கோட்டும் படங்கும் வேலைக் கருவிகள். கவ்வாத்துக் கத்தி எப்படியோ அப்படி. அதை நாம் நம் காசில் வாங்குகிற ஒவ்வொரு தடவையும் நாட்சம்பளம் குறைகிறது. பொருந்தாத கோட்டைப் போட்டுக் கை தூக்க முடியாமல் பறித்தால் நிறுவையில் கிலோ குறைகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்தக் கக்கத் தையல் நம் சம்பளத்தை நேராகத் தொடுகிறது.

மூன்றாவது பதில், உடுப்பை யாரும் எப்போதும் சின்ன விஷயமாக நினைத்ததில்லை. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ் மண்ணுக்குப் பக்கத்தில், திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து ரவிக்கை போட்டதற்காக அடிபட்டார்கள், அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. பல பத்து வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் மன்னர் அந்த உரிமையைக் கொடுத்தார். அதைத்தான் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம். எவள் எதை எப்படி உடுப்பது என்று மேலே இருப்பவர்கள் முடிவெடுத்த காலமெல்லாம், அது பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது.

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லி முடித்தால் நாங்கள் யோக்கியர்கள் ஆகமாட்டோம். போன மே தினத்துக்குச் சிவப்பு டீசேர்ட் அடித்தது யார்? நாங்கள்தான். எல்லாம் ஆண்களின் வெட்டு. அளவு கேட்டுப் பட்டியல் எடுத்தது ஆண் தலைவர்களிடம் மட்டும். ஊர்வலத்தில் பெண்கள் எப்படி வந்தார்கள் என்று நினைவிருக்கிறதா? சிலருக்கு முழங்கால் வரை தொங்கியது. சிலருக்கு நெஞ்சில் இறுக்கிப் பிடித்தது, அவர்கள் மேலே சால்வையைப் போட்டு மூடிக்கொண்டார்கள். நெஞ்சில் எழுதியிருந்த கோரிக்கையும் சால்வைக்குள் போய்விட்டது. சந்தாக் கட்டுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களின் உடம்பை நினைக்காமல் ஒரு சங்கம் சட்டை தைக்கிறது என்றால், அந்தச் சங்கம் கோரிக்கையையும் அப்படித்தான் தைத்துக்கொண்டிருக்கிறது. இதை எங்களுக்கே சொல்லிக்கொள்கிறோம்.

நெய்தவர் நின்ற நிலம்

அன்று பஸ்ஸுக்கு நிற்காமல் ஹெவ்லொக் வீதியோரமாகக் கொஞ்சம் நடந்தோம். வானளாவ நிற்கும் ஹெவ்லொக் சிற்றி மாடிகளைத் தலைவிக்குக் காட்டினோம். அந்த நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நூல் நூற்பு, நெசவு ஆலை இருந்தது. இந்த நாட்டுக்குத் துணி நெய்த ஆலை. 1933இல் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் மலையாளிகளும் மற்ற இந்திய வம்சாவளியினரும். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் பெரும் தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க அந்த வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். கொல்வின் ஆர். டி சில்வாவும் அவரைப் போன்ற இளம் இடதுசாரிகளும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தபோது, அந்த ஆலை வாசலில் நின்றவர்கள் அதன் முன்னணியில் இருந்தார்கள்.

தலைவி மாடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "துணி நெஞ்சவங்களுக்கு அந்தத் துணி பத்துச்சா, டீச்சர்?"

எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்ததிலிருந்து இந்த நாட்டின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று தைத்த உடுப்பு. தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நம் லயங்களிலிருந்து போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெண்ணின் மார்பளவுக்குக் கால் இஞ்சி பிசகாமல் உள்ளாடை தைக்கும் கை அது. அந்தக் கையின் தாய்க்கு, மலையில் கை தூக்கினால் கிழியாத ஒரு கோட்டு இந்த நாட்டில் கிடைக்கவில்லை. நம்மிடம் கை இருக்கிறது, தையல் மெஷின் இருக்கிறது, அளவு எடுக்கத் தெரியும். கேட்கத்தான் நாம் இன்னும் தொடங்கவில்லை.

ஆகவே கேட்கத் தொடங்குவோம்.

மழைக்கோட்டும் படங்கும் வேலைக் கருவி என்று ஏற்றுக்கொண்டு, நிர்வாகம் தன் செலவில் கொடுக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இது சம்பளத்தோடு சேர்ந்து வைக்கப்பட வேண்டும்.

அந்தக் கோட்டு பெண்ணின் அளவில், கை தூக்கினால் இழுபடாமல், மணிக்கட்டில் இறுக்கிக்கொள்ளக்கூடியதாக, தண்ணீர் புகாத இரண்டு பையோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் மாதர் குழு நாடா பிடித்து அளவெடுத்து ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். எண் வேண்டாம், இஞ்சி போதும்.

தைக்கும் வேலையை டிவிஷனில் மெஷின் வைத்திருக்கும் பெண்களுக்கும், கார்மண்டிலிருந்து திரும்பி வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுக்கக் கேட்போம்.

வரும் மே தினத்துச் சங்கச் சட்டை இரண்டு வெட்டில் வரும். இது எங்கள் வாக்கு. வராவிட்டால் எங்களைக் கூட்டத்தில் எழுப்பிக் கேளுங்கள்.

பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டை வாங்கும் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாமார் வாருங்கள். அளவை நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக, எங்கள் மாதர் தலைவிக்கு. அக்கா, அன்றைக்கு பஸ் தரிப்பிடத்தில் உங்களுக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. இப்போது சொல்கிறோம். உங்கள் தோள் மூன்று பிள்ளைகளையும், 30 வருடக் கொழுந்தையும் சுமந்த தோள். அதில் ஒரு குறையும் இல்லை. உங்களைக் கேட்காமல் வெட்டினார்கள், அதனால்தான் தையல் விட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் அளவெடுக்கிறோம். நாடாவோடு வருகிறோம். முதல் அளவு உங்களுடையது.